வேன் படியும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டுக் கோவில்பட்டி மிளகாய் வத்தல் கடையொன்றில் மூடை தூக்கப் போனார். பிறகு சொந்தமாக வத்தல் வியாபாரம் செய்து, என்னைப் பிசியோதெரபி படிக்க வைத்தார். படித்து முடித்து, நடக்க முடியாத ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓயாத சண்டை.

"ஏட்டி, நீ ஒரு நாளைக்கு எத்தன பிள்ளைக்குக் கால நீவி விடுவ? வெளிநாடு போய்ச் சம்பாதிச்சா, ஒன்ன மாதிரி பத்துப் பேர வேலைக்கு வைக்கலாம்லா?"

"எல்லாரும் சம்பாதிக்கப் போயிட்டா அந்தப் பத்துப் பேரு எங்கன இருந்து வருவாங்க அண்ணே? ரூவாயா வந்து பிள்ளையத் தூக்கும்?"

தன் பேச்சை நிரூபிக்கவோ என்னவோ, பள்ளிக்கு ஒரு வேன் வாங்கிக் கொடுத்தார். நல்ல வேன்தான். ஆனால் படி பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. வாங்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று கத்தினேன்.

"பட்டறையில சொல்லி இறக்கிருதேன். அதுவரைக்கும் நானே வந்து தூக்கி விடுதேன்" என்றார்.

முதல் நாள், அவர் சட்டையில் இருந்த வத்தல் நெடியில் பிள்ளைகள் தும்மித் தீர்த்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து வேனில் தனியாக ஒரு சட்டை வைத்துக்கொண்டார். கை கழுவி, அதை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தொடுவார். கயத்தாறு ரோட்டில் ஏறும் சிறுமி பேச்சி, அவரைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். படி என்னாச்சு என்று மாதாமாதம் அவரைப் பிடுங்கி எடுப்பேன். "பட்டறைக்காரன் நேரமில்லங்கான்" என்பார். இப்படியே நாலு வருஷம் ஓடியது.

போன மாதம் ஒருநாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கடைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

மறுவாரம் வேனை நானே பட்டறைக்குக் கொண்டுபோனேன். அரை நாளில் படியை இறக்கி, சாய்வுப் பலகையும் மாட்டிவிட்டார்கள்.

"அண்ணாச்சி இத எங்கிட்டச் சொல்லவே இல்லையே தங்கச்சி" என்றார் பட்டறைக்காரர்.

அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன். நாலு வருஷமாகப் பொய் சொல்லியிருக்கிறார், பாவி மனுஷன்!

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், கூலி வாங்க மறுத்த பட்டறைக்காரருக்கும், துக்கத்துக்கு வந்து எங்களோடு அழுத உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நேற்று வேன் மறுபடியும் ஓடத் தொடங்கியது. பேச்சி பலகையில் ஏற மாட்டேன் என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே இருந்தாள். நான்தான் தூக்கி வைத்தேன். நல்ல கனம். அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை.