வைக்கோல் படப்புக்கு மஞ்சள்

எட்டு வயதில் எனக்கு ஒரு நினைப்பு உண்டு. ஊருக்குள் வருகிற வண்ணக் காகிதமெல்லாம் நான் வெட்டி ஒட்டுவதற்கென்றே வருகிறது என்று. சினிமா நோட்டீஸின் ரோஸ் நிறம் எங்கள் தெருப் பெண்களுக்குச் சேலையாகும். தேயிலைப் பொட்டலத்தின் பச்சை வேப்பமரமாகும். சோற்றுப் பருக்கைதான் பசை. அப்படி எங்கள் தெருவையே ஓர் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிற்கும் வைக்கோல் படப்புக்கு மட்டும் மஞ்சள் கிடைக்கவில்லை. அன்னவாசல் கடைகளில் கேட்டும் இல்லை.

அந்த வாரம்தான் அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு முடிவானது. மாப்பிள்ளைக்கு அறந்தாங்கியில் அரிசி ஆலை. முதல் மனைவி தவறிப்போய் மூன்று பிள்ளைகள். மூத்தவன் அக்காவைவிட இரண்டே வயது சின்னவன். அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்மதம் சொல்லி அப்பா ஒரு தபால் கார்டு எழுதினார். ஆத்தா வழக்கப்படி நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள்.

அடடா, என்ன மஞ்சள்! கத்தரிக்கோல் அக்காவின் தையல் பெட்டியில் இருந்தது. மூலைகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு கார்டைத் தபாலில் போட்டேன். எழுத்தில் கை வைக்கவில்லை, விலாசத்தில் கை வைக்கவில்லை. அவ்வளவு பொறுப்பான பிள்ளை நான்.

நாலாம் நாள் மாப்பிள்ளையின் சித்தப்பா பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை. கார்டை அப்பாவின் காலடியில் விட்டெறிந்தார்.

"வேணாம்னா வேணாம்னு எழுத வேண்டியதுதானேங்க? நல்ல காரியத்துக்கு மூளிக் கார்டா அனுப்புவாங்க? ஏற்கெனவே ஒருத்திய வாரிக் குடுத்த வீடுங்க எங்க வீடு!"

"ஐயோ, மஞ்சத் தடவித்தானுங்களே அனுப்புனோம்!" என்று ஆத்தா அலறினாள். அவர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

அப்பா பேயறைந்தது போல நின்றார். பிறகு சுவரில் மாட்டியிருந்த என் தெருவைப் பார்த்தார். நாலு மஞ்சள் முக்கோணங்களாகப் படப்பு நின்றது.

"அடிப்பாவி! அக்கா வாழ்க்கையையே வெட்டிப்புட்டியேடி!"

ஓங்கிய கைக்குக் குறுக்கே அக்கா வந்து விழுந்தாள். அடி அவள் முதுகில் விழுந்தது. அக்காவுக்கு இனிக் கல்யாணமே ஆகாது, எல்லாம் என்னால்தான் என்று நான் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். அக்கா மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

உண்மையில் என் படப்புக்கு இரண்டு மூலையே போதுமாக இருந்தது. கார்டைத் தபாலில் போட்ட அன்று காலையில் கத்தரிக்கோலைத் தானே எடுத்து என் கையில் கொடுத்து, "நாலையும் வெட்டிக்கடி, படப்பு பெருசா இருக்கட்டும்" என்றவள் அக்காதான். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்கு அப்போது தெரியாது.