விட்டுப்போன கங்காணி

மேடையில் டாக்டர் வேஷம் போடுவதைப் போல அலுப்பான வேலை இல்லை. ஞாயிறு லீவையும் நாடகத்துக்குக் கொடுத்துவிட்டு முதுகுவலியோடு பஸ் ஏறும் சக நடிகர்களான உங்களுக்குச் சொன்னால் புரியும். வார நாட்களில் நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிற்றூழியன். மனநல கிளினிக்கில் சிங்கள டாக்டருக்கும் தேயிலைத் தோட்டத்து நோயாளிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதும் நான்தான். அதற்கென்று தனியாக ஆள் இல்லை. எங்கள் நாடகமும் அதைப் பற்றியதுதான்.

வெள்ளைக் கோட்டு

நல்லதண்ணி என்ற ஊரில் நாடகம் முடிந்து கோட்டைக் கழற்றக்கூட இல்லை, ஓர் அம்மா, நோயும் மருந்தும் எழுதும் கிளினிக் கொப்பியை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். தூக்கம் வருவதில்லையாம். நான் டாக்டர் இல்லை என்று தமிழில் மூன்று முறை சொன்னேன். அவர் நம்பவில்லை.

“இவ்வளவு நல்லா நம்ம பாஷ பேசுறீங்க, அப்புறம் ஏன் மேடையில தெரியாத மாதிரி சிங்களத்துலயே கேட்டீங்க டாக்டரு?”

பாதி மண்டபம்

நாடகத்தில் கொழுந்து பறிக்கும் பெண், தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியைப் பற்றி டாக்டரிடம், “பொழுதன்னைக்கும் கங்காணி பின்னாலயே நின்னு அதட்டுறாரு, கண்ண மூடுனாலும் அந்தச் சத்தந்தாங்க” என்கிறாள். மொழிபெயர்ப்பவர் அவசரத்தில், யாரோ ஓர் ஆள் எப்போதும் பின்னால் நின்று அதட்டுகிறானாம் என்று சிங்களத்தில் சொல்கிறார். இல்லாத குரல் கேட்கிறது என்று டாக்டராகிய நான் எழுதி மாத்திரை கொடுக்கிறேன்.

கினிகத்தேனையில் இந்த இடத்தில் தமிழ் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த, சிங்கள மொழிபெயர்ப்பை மட்டும் புரிந்துகொண்ட சிங்களக் கடை முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. இடைவேளையில் வந்து, தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டார்:

“ஏன் சிரிக்கிறது? அந்த அம்மா பாவம்தானே?”

வசனம் யாருடையது

அந்தப் பெண்ணாக நடிக்கும் புஷ்பம், றொசல்லப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. வசனத்தை நாங்கள் எழுதவில்லை. நாலு வருஷத்துக்கு முன் கிளினிக்கில் அவளே சொன்னது. அன்று கங்காணியை விட்டுவிட்டு மொழிபெயர்த்தவன் நான். வெளியே அவ்வளவு கூட்டம். அதனால்தான் நாடகத்தில் மொழிபெயர்ப்பவர் வேஷத்தை மட்டும் நான் எடுக்கவில்லை.

அவள் இன்றைக்கும் அந்த மாத்திரையை விழுங்குகிறாள். கொழுந்து பறிக்கும் மலையில் நின்றபடியே தூங்கி விழுகிறாள். குடியிருக்கும் லயத்து வீடுகளில் அவளுக்குப் பைத்தியம் என்றே பெயர். கொப்பியில் எழுதியதை ஒரு டாக்டர் மாற்றினால்தான் மாத்திரை நிற்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒத்திகையில் ஒருநாள், உனக்குக் கஷ்டமாக இருந்தால் வேறு ஆளை நடிக்கவைக்கலாமா என்று கேட்டேன்.

“நானே சொல்றேண்ணே. ஒரு டாக்டரு காதுலயாவது விழட்டும்.”

புது டாக்டர்

ஹட்டனில் எங்கள் கிளினிக்கின் புது டாக்டர் நாடகம் பார்க்க வந்தார். நல்ல மனுஷர். முடிந்ததும் புஷ்பத்திடம் சிங்களத்தில், இது நிஜமாக நடந்ததா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“எனக்குத்தாங்க நடந்துச்சு. கங்காணின்னுதான் சொன்னேன்” என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். எங்கோ யாருக்கோ நடந்ததாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மேடையில் அந்த மொழிபெயர்ப்பைக் கேட்டுக் கேட்டே புஷ்பத்துக்குச் சிங்களம் பிடிபட்டிருந்தது எனக்குத் தெரியாது.

“இந்தத் தடவையும் கங்காணிய விட்டுட்டீங்களேண்ணே.”

இத்தனை மேடைகளில் பக்கம் பக்கமாக வசனம் பேசியவனுக்கு, மறுநாள் அவளுடைய கொப்பியோடு டாக்டர் முன்னால் நின்று அந்த ஒரே ஒரு சொல்லைச் சேர்ப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது.