மார்கழியில் ஒரு கெட்டிமேளம்

மார்கழியில் எங்களுக்குக் கல்யாண வேலை கிடையாது. சிதம்பரத்தில் தரிசனத் திருவிழாவுக்கு வாசிப்பதோடு சரி. மற்ற நாளெல்லாம் தவில் உறைக்குள் கிடக்கும். அதனால் கடலூரில் சர்ச் மைதானத்துக் கிறிஸ்துமஸ் கச்சேரிக்குக் கூப்பிட்டபோது, வேறு வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

கூப்பிட்டது என் மனைவியின் தம்பி. பள்ளிக்கூட வாத்தியார், அந்த சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். அக்கா ஒரு கோயில் மேளக்காரனைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு வருத்தம். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட மாமா என்றதில்லை. "சார்" என்பார். ஐந்தாவதோடு நின்றவனை ஒரு வாத்தியார் சார் என்றால் எங்கே பார்ப்பது என்றே தெரியாது.

"அவனே வாயத் தொறந்து கேட்டிருக்கான். சொதப்பிடாதீங்க," என்றாள் மனைவி, என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

மேடையில் பாடகர் குழு, கீபோர்டு, தர்காவிலிருந்து தப்ஸ் கொட்ட வந்தவர்கள். ஓரத்தில் நானும் நாதஸ்வரக்காரரும். பின்னால் பெரிய எல்இடி திரையில் பாட்டுக்கு ஏற்ற படங்கள் ஓடின. எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு மாட்டுத்தொழுவம் வந்தது, வைக்கோல் மேல் தூங்கும் குழந்தை வந்தது. எல்லோரும் நிறுத்தி அமைதியாக இருக்கவேண்டிய இடம். ஒத்திகையில் "நிறுத்துங்க" என்று வாயால் சொன்ன மைத்துனர், இங்கே மைக் இருந்ததால் ஆள்காட்டி விரலைத் தூக்கி லேசாக ஆட்டினார்.

தாலியை எடுத்துக் கொடுத்ததும் ஐயர் அப்படித்தான் விரலை ஆட்டுவார். என் கை யோசிக்கவில்லை. கெட்டிமேளம். கூடவே நாதஸ்வரமும் ஏறிவிட்டது.

என்ன செய்துவிட்டேன் என்று அப்புறம்தான் உறைத்தது. ஆனால் கெட்டிமேளத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பது எங்கள் வழக்கம். உடம்பெல்லாம் வியர்க்க, குனிந்தபடி அடித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசைப் பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். ஒரு அம்மா தலையிலிருந்த பூவைக் கிள்ளித் திரையிலிருந்த குழந்தையைப் பார்த்துப் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். மைத்துனர் அந்தப் பூவையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் உயர்த்தி எல்லோரையும் சேர்ந்துகொள்ளச் சொன்னார். தப்ஸும் பாட்டும் எங்களோடு சேர்ந்து ஏறின.

மேடைக்குப் பின்னால் தவிலுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்றார்.

"அது புள்ளய தூங்க வைக்கிற எடம்."

"தெரியும். வெரல பாத்ததும் கை போயிடுச்சு."

"பொறந்த அன்னிக்கே கல்யாணத்த முடிச்சிட்டீங்களே மாமா."

நாதஸ்வரக்காரர், "அப்ப சாப்பாடு எந்தப் பக்கம்?" என்றார்.

சிதம்பரம் பஸ்ஸில், கூட்டத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"திட்டுனானா?"

"திட்டுனாரு."

"என்னன்னு?"

"மாமான்னு."