படத்தில் இல்லாத குளம்

அந்தப் பழைய வரைபடங்களைக் கூழாக்கத்தான் வாங்கினோம். மாங்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டிலில் கையால் கடதாசி செய்து, அதைக் கொப்பிகளாகக் கட்டி விற்கிறோம். மொத்தம் மூன்று பெண்கள். கொட்டிலும் கோபமும் என்னுடையவை, உழைப்பு மூவருக்கும் பொது. ஓட்டோ ஓட்டும் என் கணவர் வவுனியாவிலிருந்து பழைய பேப்பர் மூட்டைகளை ஏற்றி வந்து இறக்குவார்.

ஒருமுறை அவர் கொண்டுவந்த மூட்டைக்குள் சுருள் சுருளாக வரைபடங்கள் இருந்தன. ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கழித்துப் போட்டவையாக இருக்க வேண்டும். முதலில் இரண்டை எடுத்துத் தொட்டியில் ஊறவைத்தோம். மற்றக் கடதாசியெல்லாம் குழைந்த சோறாகிவிட, இவை மட்டும் மசிய மாட்டேன் என்று மிதந்தன. தூக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றின் முதுகிலும் மெல்லிய துணி ஒட்டியிருந்தது.

“பேப்பர் வாங்கச் சொன்னால் சீலை வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறியள்” என்று கணவரைப் பிடித்து ஏசினேன்.

“சும்மா கத்தாதையும். கடைக்காரன் நிறுத்துத்தானே தந்தவன்” என்றார் அவர், தேத்தண்ணிக் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

படங்களைக் காப்பாற்றியது உடையார்கட்டுப் பிள்ளை. உடையார்கட்டு ஊரிலிருந்து வருபவள், எங்கள் மூவரில் இளையவள், கொப்பி தைப்பவள். நனையாத ஒரு படத்தை விரித்து, கட்டி முடித்த கொப்பி ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தாள். “அன்ரி, இதை மட்டைக்கு ஒட்டினால் என்ன? துணி இருக்கிறபடியால் முதுகும் கிழியாது” என்றாள். கோதுமை மாவில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையைத் தடவி ஒட்டினோம். பச்சைக் காடு, நீலக் குளங்கள், கறுத்தக் கோடாகத் தண்டவாளம். அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

எங்கள் பக்கத்துப் படம் என்றால் அது குளங்களின் படம்தான். ஊர்கள் எல்லாம் குளத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டு கிடக்கும். எந்த இடத்தில் வெட்டுவது என்ற கேள்வி வந்தபோது மூன்றாமவள் ஒரு சட்டம் போட்டாள். கூழைத் தொட்டியிலிருந்து வலைச் சட்டகத்தில் தாளாக அள்ளுவது அவளுடைய வேலை. மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு தாயின் இடுப்பில் இருந்தபடியே வன்னிக்கு வந்தவள். என்னைவிடச் சில வயது இளையவள். தோட்டத்துப் பேச்சு மட்டும் அவளைவிட்டுப் போகவே இல்லை.

“கொளத்துக்குக் குறுக்கால வெட்டாதீங்கக்கா. தண்ணியெல்லாம் வெளிய போயிரும்” என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பிறகு ஒருத்திக்கும் குளத்தின் நடுவே கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை. ஒரு மட்டைக்கு ஒரு முழுக் குளமாவது வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அதனால் ஓரங்களில் நிறைய வீணாகியது. அதைப் பக்கம் குறிக்கும் பட்டைகளாக்கினோம்.

புகையிரத நிலையத்துக்குப் போகும் வழியில் உள்ள கடையொன்றில் கொப்பிகளை வைத்தபோது, சனம் உள்ளே இருக்கும் தாளைப் பார்க்கவே இல்லை. மட்டை மட்டையாகப் புரட்டித் தங்கள் ஊரைத் தேடினார்கள். கிடைத்தால் முகம் மலர்ந்துவிடும். எனக்கும் ஆசை வந்தது. ஆளுக்கொரு கொப்பி எங்களுக்கென்று கட்டலாம், அவரவர் ஊர் மட்டையில் இருக்கட்டும் என்றேன்.

உடையார்கட்டுப் பிள்ளை தன் ஊரை உடனே பிடித்துவிட்டாள். எனக்கும் சுலபம். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். வாய்க்காலும் காணித் துண்டுகளும் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் படத்தில் இருந்தன. மூன்றாமவள் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே விரலை நகர்த்தினாள். அவளுடைய ஊர் இருக்க வேண்டிய இடம் முழுக்கப் பச்சை. ஒரு வீதி இல்லை, ஒரு குளம் இல்லை, ஒரு புள்ளி இல்லை.

“நாங்க வர்றதுக்கு முன்னாடி போட்ட படமாக்கும்” என்று சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போனாள்.

வேறு நேரமென்றால் அதுவும் ஒரு பகிடியாகப் போயிருக்கும். அப்போது அவளுடைய மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. ஆடைத் தொழிற்சாலையில் மகளோடு வேலை செய்யும் பொடியன், பளையைச் சேர்ந்தவன். இரண்டு பேரும் விரும்பியதுதான். பொடியனுடைய தாய் பெண் பார்க்க வந்தபோது, “உங்கட சொந்த இடம் எது?” என்று கேட்டாராம். இதுதான் என்று இவள் சொல்லியிருக்கிறாள். “அது சரி, முந்தின இடம்?” என்றாராம் அந்த அம்மா. இவள் மறுபடியும் இதுதான் என்று சொல்ல, “இல்லை, உண்மையான ஊரைக் கேக்கிறன்” என்றாராம்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. சண்டை முடிந்து பளைக்குத் திரும்பியபோது கூரையில்லாத வீட்டையும் தலையில்லாத தென்னைகளையும் கண்டவர். ஊர் ஊர் என்று உயிரை விடுபவர். ஆனால் அந்தக் கேள்வி இவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. தனக்காக இல்லை, மகளுக்காக. அந்தப் பிள்ளை இங்கேயே பிறந்து, இங்கத்தையப் பேச்சே பேசுகிறவள். ஒரு நாள் விடாமல் டயறி எழுதுகிறவள். புகுந்த வீட்டுக்குத் தன் ஊர் போட்ட கொப்பியோடு போகட்டும் என்று தாய் ஆசைப்பட்டிருந்தாள். ‘உண்மையான ஊர்’ என்று யாராவது மறுபடி கேட்டால் எடுத்துக் காட்ட ஏதாவது இருக்கட்டும் என்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் குடும்பமும் வந்து குடியேறியதுதான். படம் கீறுகிறவன் வருவதற்கு முன்னால் வந்துவிட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். என்னை ஒருவரும் உண்மையான ஊர் எது என்று கேட்டதில்லை.

இதையெல்லாம் வீட்டில் புலம்பியது வினையாகிவிட்டது. அடுத்த தடவை வவுனியாவுக்குப் போன என் கணவர் பேப்பர் கடையையே கிண்டியிருக்கிறார். மலைகளும் தேயிலைத் தோட்டங்களும் நெருங்கிக் கிடக்கும் ஒரு படத்தைக் கண்டுபிடித்து, எனக்கும் சொல்லாமல், பசை காய்ச்சித் தன் கையாலேயே ஒரு கொப்பிக்கு ஒட்டிவிட்டார். மனிதர் கடதாசி ஒட்டியது அதுதான் முதல் தடவை. நேராகவும் ஒட்டியிருந்தார்.

“இஞ்சை பாருங்கோ தங்கச்சி, உங்கட ஊர்!” என்று அவளிடம் நீட்டினார். முகமெல்லாம் பல்லு.

அவள் கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். “அழகா இருக்குண்ணே” என்றாள். பைக்குள் வைத்தாள். அன்றைக்கு அவள் அள்ளிய தாள்கள் எல்லாம் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிவாகவும் வந்தன. 

மறுநாள் காலையில் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கணவர் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்தே பேசினாள்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. மனசோட செஞ்சீங்கன்னு தெரியும். ஆனா அந்த மலை எப்படி இருக்கும்னே எனக்கு ஞாபகம் இல்ல. எங்க அப்பாவும் அம்மாவும் இங்க காடு வெட்டுனாங்க, கெணறு வெட்டுனாங்க, இங்கதான் எரிச்சோம் ரெண்டு பேரையும். எம் மக இதக் கொண்டுபோனா, அந்தம்மா கேட்டது சரின்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்.”

என் கணவர் கையிலிருந்த துணியைப் பிழிந்தார். காய்ந்த துணியைத்தான் பிழிந்தார். பாவமாக இருந்தது எனக்கு, இரண்டு பேரையும் பார்க்க.

“இப்ப அந்தப் பச்சைப் படத்தை எடும்” என்றார் கடைசியில் என்னிடம்.

மேசையில் விரித்தோம். அவளை ஏற்றி இறக்க எத்தனையோ தரம் அந்த ஊருக்கு ஓட்டோ கொண்டுபோனவர் அவர். ஏ9 வீதியில் தொடங்கினார். தண்டவாளம், பிறகு மதகு, பிறகு வீதி வளையும் இடம் என்று பென்சிலால் மெதுவாகக் குறித்துக்கொண்டே போனார். வளைவுக்கு அங்கால் இருவருக்கும் சண்டை வந்தது. குளம் இடப்பக்கம் கொஞ்சம் உள்ளே என்றாள் அவள். இல்லை, நேரே என்றார் இவர். “நான் தெனம் குளிக்கிற கொளம்ணே அது” என்றாள். இவர் பென்சிலை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

மையால் கீறலாம் என்றேன். பழைய கடதாசியில் மை ஊறிப் பரவும் என்று உடையார்கட்டுப் பிள்ளை தடுத்தாள். ஊசிப் பெட்டியை எங்கள் முன்னால் தள்ளினாள். “பின்னாலை துணி இருக்குத்தானே அன்ரி. தைப்பம்.”

மட்டையில் ஒட்டும் முன் படத்தில் தைக்க வேண்டும். பிள்ளை குத்தூசியால் துளை போட்டுக் கொடுக்க, அவள் தைத்தாள். கூழுக்குள் கிடந்து தடித்த விரல்கள். முதல் நூல் அறுந்தது. வீதிக்குச் சிவப்பு நூல். குளத்துக்கு நீலம், அதன் கரையான குளக்கட்டுக்கு மண்ணிறத்தில் இரட்டை நூல். அம்மன் கோயிலுக்கு மஞ்சளில் சின்னதாக ஒரு பொட்டு. கடைசியில் வீடு. அதற்கு நூலைப் பல சுற்றுச் சுற்றி ஒரு பெரிய முடிச்சாகப் போட்டாள்.

“வீடு குளத்தைவிடப் பெரிசாக் கிடக்கே” என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாளோ என்னவோ, “இருக்கட்டும்க்கா, கல்யாண வீடு” என்றாள். நாங்கள் மூன்று பேரும் கொட்டில் அதிரச் சிரித்தோம். நெடுநாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோசம்.

கல்யாணம் அந்த அம்மன் கோயிலில்தான் நடந்தது. சாப்பாடு முடிந்து, பளைக்குப் போகும் வான் வரும்வரை பொம்பிளைகள் எல்லாம் கொட்டகைக்குள் இருந்தோம். மணப்பெண் தன் பையிலிருந்து கொப்பியை எடுத்து மாமியாரிடம் கொடுத்தாள். அந்த அம்மா அதைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

“கண்ணாடியைப் பளையிலை விட்டிட்டு வந்திட்டன், மோனை. பச்சையாக் கிடக்கு. வேறை ஒண்டும் தெரியேல்லை.”

 இவ்வளவு பாடும் இதற்குத்தானா என்று நினைத்தேன். பெண்ணின் தாய் பாயாச வாளியோடு பந்தற்கால் அருகே நின்றாள்.  மகள்தான் மாமியாரின் விரலைப் பிடித்து மட்டையில் வைத்தாள்.

“தடவிப் பாருங்கோ மாமி.”

விரல் சிவப்பு நூலோடு மெதுவாகப் போனது.

“இதென்ன, மேடாக் கிடக்கு?”

“குளக்கட்டு.”

“இது?”

“நாங்கள் இப்ப இருக்கிற கோயில்.”

“இந்த முடிச்சு?”

“எங்கட வீடு மாமி. நான் பிறந்த வீடு.”

அந்த அம்மா விரலை எடுக்கவில்லை. அந்த முடிச்சைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

“ஓம், இருக்கு” என்றார்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “கேட்டீங்களாக்கா?” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.