துலக்கிய அரை டாலர்

என் மாமனார் ஒரு காசைக் கையில் எடுத்தால் வாயைத் திறக்கமாட்டார். எச்சில் தெறித்துவிடும் என்ற பயம். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பை மட்டும் பிடித்திருக்கும். காசின் முகத்திலோ முதுகிலோ விரல் படாது. கிழக்கு ஜன்னலோரம் நின்று, காலை வெயிலில் அதை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார். அந்த நேரத்தில் வீடு தீப்பற்றினாலும் காசைப் பலகையில் வைத்துவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கப் போவார் என்று என் மனைவி சொல்வாள். நான் அவரை முதன்முதலாக அவர் வீட்டில் பார்த்ததும் அப்படித்தான். அன்று அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது நான் கொண்டுபோன காசு.

எழுபதுகளின் தொடக்கம் அது. கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வந்த காலம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் மாமனார் தலைமைக் குமாஸ்தா. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால் அவருக்குத் திருவிழாதான். ஒரு கையில் காகிதக்கட்டு, இன்னொரு கையில் முந்திரி மக்ரூன் பொட்டலம். காகிதம் கேப்டனுக்கு, மக்ரூன் சமையற்காரனுக்கு. கேப்டன்கள் கையெழுத்துப் போடுவார்கள். சமையற்காரர்கள் பெட்டியைக் குடைந்து, தாத்தா காலத்துக் காசு ஏதாவது இருந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். கேப்டனை அவர் சார் என்றும் சமையற்காரனை அண்ணாச்சி என்றும் கூப்பிடுவதாக அலுவலகத்தில் கேலி பேசுவார்கள்.

அவர் கண்டதையும் சேர்க்கிறவர் இல்லை. அமெரிக்காக்காரன் பழைய நாளில் எத்தனை வகை அச்சில் காசு அடித்தானோ, அந்த ஒவ்வொரு அச்சிலும் ஒன்றே ஒன்று, அவ்வளவுதான். இதற்காகத் துறைமுகத் தச்சரிடம் சொல்லி ஒரு தேக்குப் பலகையில் குழிகள் குடைந்து வைத்திருந்தார். பார்த்தால் பல்லாங்குழி ஆடக் கூப்பிடுகிறாரோ என்று தோன்றும். தலையில் இறகு சூடிய செப்புக்காசு ஒரு குழியில், காட்டெருமை நிற்கிற காசு ஒன்றில், தொப்பியில் சிறகு முளைத்தது ஒன்றில். கால் டாலர் ஒன்றில் சுதந்திர தேவி மாராப்பு இல்லாமல் நிற்பாள். வீடு மந்திரிக்க மாதாகோயில் சாமியார் வருகிற வீட்டில் இதெல்லாம் ஆகுமா என்று அத்தை சண்டை போட்டு, அந்தக் காசை மட்டும் கழுகுப் பக்கம் மேலே தெரியக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சாமியார் ஒருநாள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே மறுபடி கவிழ்த்து வைத்தாராம்.

காசு சேர்ப்பதைவிட அதற்குத் தரம் போடுவதுதான் அந்த வீட்டில் பெரிய சடங்கு. எவ்வளவு தேய்ந்திருக்கிறது, தேவியின் முடியில் இழை தெரிகிறதா, கழுகின் நெஞ்சில் இறகு மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, குட், ஃபைன், வெரி ஃபைன் என்று படி போடவேண்டும். மாமனாரும் அவருடைய ஒரே மகளும் தனித்தனியாகப் பார்த்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் துண்டுச்சீட்டில் எழுதி மடிப்பார்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிரிப்பார்கள். வேறுபட்டால் குறைந்ததுதான் நிற்கும். நம் காசு என்றால் நம் கண்ணுக்கு அழகாகத்தான் தெரியும், அதனால்தான் இந்தச் சட்டம் என்பார். தன் காசை ஒரு படி கூட்டி எழுதித் தரச்சொல்லி ஒரு கப்பலின் இன்ஜினியர் கெஞ்சியும், அவர் எழுதவில்லை.

அந்த மகள் அதே ஏஜென்ஸியில் டைப்பிஸ்ட். நான் வெளிநாட்டுக் கப்பலில் மாலுமி. ஒவ்வொரு முறை கப்பலேறும் முன்பும் என் காகிதங்களை அவள்தான் அடித்துத் தருவாள். மூன்று வருஷத்தில் நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு காகிதத்தின் இரண்டு பக்கம் வராது. ஆனால் விஷயம் இருவருக்கும் தெரிந்துவிட்டது. அவள் அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. வருஷத்தில் பத்து மாதம் கடலில் கிடக்கிறவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். அதை என்னிடம் சொன்ன அன்று அவள் அழவில்லை. டைப்ரைட்டரிலிருந்து காகிதத்தை உருவிக்கொண்டே,

"எங்கப்பா பலகையில ஒரு குழி காலியா கெடக்கு. அதுக்கு ஒரு காசு கொண்டாங்க. பொறவு பேசலாம்" என்றாள்.

பாறைமேல் தேவி உட்கார்ந்திருக்கிற அரை டாலர் அது. அந்தப் பயணத்தில், கோதுமை ஏற்ற நின்ற அமெரிக்கத் துறைமுகத்தில், கரையிறங்க விட்ட நாளெல்லாம் கடைகடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு கிழவர் கடையில் கிடைத்தது. கருநீலமாக, அடுப்பில் கிடந்த கரண்டி மாதிரி இருந்தது. அவர் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, விரலை ஆட்டி, தொடாதே தொடாதே என்று இரண்டு முறை சொன்னார். யாராவது திருடிவிடுவார்கள் என்று எச்சரிக்கிறார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலில் என் வேலை என்ன? பித்தளை துலக்குவது. மணி, விளக்கு, கதவுக் குமிழ் எல்லாவற்றிலும் முகம் தெரியாவிட்டால் போசன், அதாவது எங்கள் மேஸ்திரி, தோலை உரித்துவிடுவார். கறுத்த உலோகத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பெண் கேட்கப் போகிறவன் அழுக்குச் சட்டையோடா போவான்? ஊர் வந்து சேரும்வரை தினமும் சாயங்காலம் வாட்ச் டியூட்டி முடிந்ததும் உட்கார்ந்து, பித்தளை பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தேன். தேவியின் மடிப்புகளில் மிச்சமிருந்த கறுப்பைத் தீக்குச்சி முனையால் எடுத்தேன். வெளிக்கடலில் நங்கூரம் விழுந்தபோது அந்தக் காசு கண்ணைக் கூசவைத்தது. இந்த ஜென்மத்தில் இதைவிட நல்ல காரியம் நான் செய்ததில்லை என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். காசைக் கொடுக்க வந்ததாகத்தான் பேச்சு. எதற்கு வந்திருக்கிறேன் என்று காபி கொண்டுவந்த அத்தைக்குக்கூடத் தெரியும். காகிதத்தைப் பிரித்ததும் மாமனாரின் முகம் மாறியதைப் பார்த்தேன். சந்தோஷம்தான் என்று எண்ணினேன். ஜன்னலோரம் போனார். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு காசைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத வச்சுத் துலக்குனீரு, தம்பி?"

நான் பெருமையாகச் சொன்னேன். பாலிஷ், துணி, தீக்குச்சி, தினமும் சாயங்காலம், ஒருநாள்கூட விடாமல், புயலடித்த இரண்டு நாளும்கூட. சொல்லச் சொல்ல அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சமையலறைக் கதவருகே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு ஏதோ உறுத்தியது.

காசுக்கு ஒரு தோல் உண்டு என்பதும், அந்தக் கறுப்பு நூறு வருஷம் ஏறிய தோல் என்பதும், உரித்துவிட்டால் பிறகு அது வரவே வராது என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம் இரண்டு துண்டுச்சீட்டு. அவர் ஒன்றில் எழுதி மடித்தார். அவள் வந்து காசைப் பார்த்தாள், லென்ஸ்கூட எடுக்கவில்லை. அவளும் எழுதி மடித்தாள். இரண்டையும் அவர் பிரித்து என் முன்னால் வைத்தார்.

அவருடைய சீட்டில் வெரி ஃபைன் என்று இருந்தது.

அவளுடையதில்: துலக்கிக் கெடுத்தது. தரம் இல்லை.

குறைந்ததுதான் நிற்கும். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்க கெளம்புதிய?" என்றாள். "காசுக்குத்தான எழுதச் சொன்னாவ. காசுக்கு எழுதியிருக்கேன்."

பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். அவர் மேஜைமேல் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க எழுதுனது காசுக்கா, இவங்களுக்கா?"

அவர் தன் சீட்டைக் கசக்கித் தரையில் போட்டார். அரை டாலரை, விளிம்பைப் பிடித்து, காலிக் குழியில் வைத்தார். அதன் கீழே மகள் எழுதிய சீட்டை ஒட்டினார். ஒட்டிவிட்டு என்னைப் பார்த்து, "உக்காரும் மாப்பிள்ள, காபி ஆறுது" என்றார். அதுவரை நான் அவருக்குத் தம்பியாகத்தான் இருந்தேன்.

அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. பலகை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை நான் தொடக்கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு. வருகிறவர்களுக்குக் காட்டும்போது, கெட்டுப்போன அரை டாலரில்தான் ஆரம்பிப்பாள், யார் கெடுத்தது என்றும் சேர்த்துச் சொல்வாள். சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அவர் கசக்கிப்போட்ட சீட்டை அன்று குனிந்து பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு கடலில் கழித்த வருஷங்கள் முழுக்க அது என் மாலுமிப் புத்தகத்துக்குள் இருந்தது. ஒவ்வொரு பயணமும் முடியும்போது ஒழுக்கம் நன்று, திறமை நன்று என்று கேப்டன்கள் அந்தப் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். எல்லோருக்கும் குத்துகிற முத்திரைதான். இந்தச் சீட்டைத்தான் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறேன். அச்சுக் கோத்ததுபோல் எழுதுகிறவர் அவர். அதில் ஃபைன் என்ற இடத்தில் எழுத்து கோணியிருக்கிறது.