ஏழாம் பறிக்குப் பாடியது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய களம் மாதிரி இருக்கும். நான்காம் வகுப்போடு நின்றவன். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர வந்திருக்கும், ஒற்று எங்கே போடுவது என்று இன்றைக்கும் தெரியாது. நம் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையைப் படியெடுக்கிற பிள்ளைகள் திருத்திக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் தங்கிய அமெரிக்க மாணவரைப் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். எதிரே நின்று யாராவது கேட்டால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

மன்மத வருடம் மாசி மாதம் அவர் வந்தார். கிராம சேவகர் ஜீப்பில் கூட்டிவந்தார். விவசாயம் படிக்கிற மாணவர், வயது இருபத்தொன்று. ஒரு விவசாயக் குடும்பத்தோடு மூன்று மாதம் இருந்து இங்கத்து முறைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவரை அனுப்பியிருந்தார்கள். பாலக்காட்டை ஒட்டிய நம் சித்தூர்த் தாலுக்காவில் என்னைவிடப் பெரிய பண்ணயக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்க, ஏன் என் வீடு என்று அப்போது பலர் கேட்டார்கள். முடியாது என்று சொல்வதற்கும் வாய் வேண்டும். எனக்கு அது இல்லை.

"நீங்க ஒண்ணும் பயப்படண்டாம், கேட்டேளா" என்றார் கிராம சேவகர். அவர் பாலக்காட்டு அக்ரகாரத்துக்காரர். "அவரும் கிருஷிக்காராத்துப் பிள்ளைதான். நாப்பது மாடு வச்சிண்டிருக்கா அவா ஆத்திலே."

மாணவர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு நேராகக் கட்டுத்தறிக்குப் போனார். எங்கள் வலத்தெருது புதியவர்களைக் கண்டால் கொம்பை ஆட்டும். அவர் எதிரே போகாமல் பக்கவாட்டில் போய், தன் கையை முகரக் கொடுத்துவிட்டு, கொம்புக்குப் பின்னால் சொறிந்தார். எருது கண்ணை மூடிக்கொண்டது. எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த விருந்தாளியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டுமோ அப்படி வைத்துக்கொண்டோம். நாங்கள் களி தின்றோம், அவருக்கு நெல்லுச்சோறு. எங்கள் கயிற்றுக் கட்டில் அவருக்கு முக்கால் ஆள் நீளம்தான் இருந்தது. கால் வெளியே தொங்கியதைப் பார்த்து என் சம்சாரம் கட்டில் முனையில் ஒரு முக்காலியைப் போட்டு அதன் மேல் தலையணை வைத்தாள். அவர் காலையில் எழுந்து போர்வையைப் புத்தகம் மாதிரி மடித்து வைப்பார். கிணற்றடியில் தானே தண்ணீர் சேந்திக் குளிப்பார். அப்புறம் மண்வெட்டியை எடுப்பார். நான் ஓடிப்போய் வாங்கி வைத்துவிடுவேன். சாணிக்கூடையை எடுத்தால் என் சம்சாரம் பிடுங்கிக்கொள்வாள். விருந்துக்கு வந்தவர் கையில் சாணியா? ஊரார் என்ன சொல்வார்கள்? இப்படியே ஐந்து நாள் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் வரிசையாக நின்று அவரைப் பார்த்தன. அவரும் அவர்களைப் பார்த்தார்.

கிணற்றுமேடு கட்டிலிலிருந்து நூறு அடி. அங்கே நான் கவலை ஓட்டிக்கொண்டிருப்பேன். ராகிக்குத் தண்ணீர் கட்டும் நேரம் அது. இந்தப் பத்திரிகை பாலக்காட்டுக்கும் போகிறது என்பதால் கவலை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எருதுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுத்து, தண்ணீர் மொள்ளும் தோல் சாலான பறி மேலே வரும். தொட்டியில் கொட்டியதும் எருதுகள் திரும்பாமல், முகம் அப்படியே இருக்க, பின்னாலேயே நடந்து சரிவில் ஏற வேண்டும். அப்போதுதான் பறி மறுபடி கிணற்றுக்குள் போகும். இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வான். ஒவ்வொரு பறிக்கும் ஒரு அடி கட்டிப் பாட்டாக எண்ணுவது வழக்கம். மனிதர்களிடம் வராத என் குரல் அங்கே மட்டும் நன்றாக வரும்.

முதல் வெள்ளிக்கிழமை கிராம சேவகர் ஜீப்பில் வந்தார். மாணவரோடு இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"அவருக்கு வேற எடத்துக்குப் போணுமாம். உங்களுக்கு அவர் வந்தது இஷ்டமில்லைன்னு நினைச்சுண்டிருக்கார்."

நான் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"வேலை குடுக்கறதில்லை, கூட உக்காந்து சாப்பிடறதில்லை, பேசறதில்லைங்கறார். மாட்டுக்கு நாள் பூராப் பாட்டுப் பாடறார், எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லைங்கறார். நான் என்ன சொல்லறது? அடுத்த வெள்ளிக்கிழமை வந்து அழைச்சுண்டு போறேன். பெட்டியைக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கேன்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என் சம்சாரம் கேட்டாள். "ஏனுங்க, என்னமோ சாவு ஊட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கறீங்க?"

சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"அந்தப் பையன் எங்க போனாலும் இந்த ஊட்டுல சோறு போட்டாங்க, மூஞ்சி குடுக்கலீன்னுதான சொல்லும்? பாடுபட்டு வளந்த ஒடம்புங்க அது. கை சும்மா இருந்தா ஊட்டு நெனப்புத்தான் வரும். வேலயக் குடுத்துப் பாருங்க."

"விருந்தாளியப் போய்..."

"விருந்தாளியா இருக்கோணும்னா அது எதுக்கு இத்தனை கடலைத் தாண்டி வருது?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவரிடம் பேச வேண்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் போய்ப் போய் நின்றேன். அவர் சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விடுவேன். திங்கட்கிழமை விடியற்காலையில் எருதுகளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓட்டிப்போய், அவற்றின் கயிற்றை அவர் கையில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், செருப்புக்கூடப் போடாமல் எழுந்து வந்தார்.

முதல் முறை வடத்தில் உட்கார்ந்தபோது உருண்டு விழுந்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். இறங்குவது சீக்கிரம் வந்துவிட்டது. பின்னால் ஏறுவதுதான் வரவில்லை. அவர் இழுத்தால் எருதுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறப் பார்த்தன. பறி பாதிக் கிணற்றில் தொங்கிச் சுவரில் இடித்தது. அந்த நேரம் பார்த்து என் மச்சினன் வரப்பில் வந்து நின்றான்.

"மச்சான், விருந்துக்கு வந்தவரக் கவலைல பூட்டிப்போட்டீங்களே! அடுத்த நோம்பிக்கு நான் வந்தா ஏர்ல கட்டுவீங்களாட்ட இருக்குது!"

கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன், வார்த்தை வரவில்லை. அவருக்குப் புரியாத பாஷை வேறு. கடைசியில் தொட்டிப் பக்கம் நின்று, எருதுகளுக்குப் பாடுவது போல, கண்ணைக் கிணற்றுக்குள் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தேன்.

"ஒண்ணாம் பறிக்கு ஓடட்டும் தண்ணி. ரெண்டாம் பறிக்கு ராகியெல்லாம் பச்சை."

குரல் கேட்டதும் எருதுகள் தாமாகப் பின்னால் கால் வைத்தன. அவர் உடனே கண்டுகொண்டார். கயிற்றை இழுப்பதை விட்டுவிட்டு, என் பாட்டு நீளும்போது கயிற்றைத் தளர்த்தி, நான் நிறுத்தும்போது தானும் நின்றார். இப்படி ஒருவர் சொல்லாமல் கற்றுக்கொள்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அவரிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அடியாகக் கட்டினேன்.

"அஞ்சாம் பறிக்கு அவசரம் வேண்டாம், காலப் பாத்து வைய்யி தம்பீ. ஆறாம் பறிக்கு ஆருமில்ல உன்னாட்ட, எருது சொல்லுது தம்பீ. ஏழாம் பறிக்கு எங்கூட்ட விட்டு எங்கயும் போகாத தம்பீ."

மச்சினன் வாயைப் பிளந்தான். சேனைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்த என் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாணவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அந்தத் தைரியத்தில்தானே பாடினேன்!

அன்று மத்தியானம் அவர் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார். செவ்வாய்க்கிழமை கொப்புளம் உடைந்தது. எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார். நம் ஊர்ப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் சரளைச் சரிவில் வெறுங்காலோடு, பழக்கமில்லாத பாதத்தோடு, ஒரு நாளைக்கு இருநூறு தடவை பின்னால் நடந்தும் முகம் சுளிக்காத ஆளை நான் அவருக்கு அப்புறம் பார்க்கவில்லை. புதன்கிழமை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முதல் கவளத்தை மென்றுகொண்டேயிருந்தார். என் சம்சாரம், "முழுங்கோணுமுங்க, மெல்லப்படாது" என்று கழுத்தைத் தடவிக் காட்டினாள். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆனால் அவருடைய பெட்டி கட்டியபடியே வாசலில் இருந்தது. வேலை கொடுத்தால் போதுமா, மனம் மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வரவில்லை. ஓய்வு வேளையில் அவர் சின்ன நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருப்பார். போகிற ஊரைப் பற்றி எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தபோது அவர் வடத்தின் மேல் உட்கார்ந்து சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். கிராம சேவகர் வரப்பில் நின்று இங்கிலீஷில் கூப்பிட்டார்.

"இருங்க" என்றார் மாணவர், தமிழில். "தண்ணி வருதுங்க."

பறி கொட்டியதும் எருதுகளைப் பின்னால் ஏற்றி நிறுத்தினார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு கிராம சேவகரிடம் போனார். தன் எழுத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, என் மெட்டிலேயே பாடினார். ஏழாம் பறி. ஒரு சொல்கூடத் தப்பவில்லை. அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. திங்கட்கிழமை மச்சினன் வாயைப் பிளந்ததையும் என் சம்சாரம் சிரித்ததையும் அவர் கவனித்திருக்கிறார். வேறு யாரிடமும் கேட்காமல் நான்கு நாள் வைத்திருந்திருக்கிறார்.

கிராம சேவகர் என்னைப் பார்த்தார். "நீங்க பாடினதா?" என்றார். நான் மண்வெட்டியால் ஏற்கெனவே திருப்பிய மடையை மறுபடி திருப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார். மாணவர் காது வரைக்கும் சிவந்துபோனார்.

அவர் வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கினார். ஜீப் பக்கம் பார்க்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோய், கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, திரும்பி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் எட்டாம் பறிக்குப் பாடினேன்.

ஹேவிளம்பி வருடம், தை மாதம் இருபத்திரண்டாம் தேதி.