நொட்டாங்கைத் தையல்

பண்டசோழநல்லூர் செங்கமலம் இடது கைக்காரி. சோறு தின்ன மட்டும் வலது கை, மற்ற எல்லாவற்றுக்கும் இடது. ஊரில் அவளுக்கு நொட்டாங்கை என்றுதான் பெயர். அதற்காக அவள் யாரோடும் சண்டைக்குப் போனதில்லை.

அவளோடு பத்துப் பெண்கள் மல்லாட்டை உடைத்தார்கள். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். தண்ணீர் தெளித்து ஊற வைத்தால் ஓடு சுலபமாக விடும், விரல் நோகாது. ஆனால் பருப்பு இரண்டே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். செங்கமலத்தின் களத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. காய்ந்த காயைக் காய்ந்தபடியே உடைத்து, சொத்தை பொறுக்கி, புடைத்து, கோணியில் நிரப்பிய பிறகு வாயை அவளே தைப்பாள். முடிக்கும்போது சணலை இரட்டையாக முடிந்து நுனியை உள்ளே தள்ளிவிடுவாள். வேறு யாரும் அந்தக் கோணி ஊசியைத் தொட முடியாது.

1934 மாசியில், அவர்களுக்குக் காய் அனுப்பும் புதுச்சேரிக் கடலோரக் கிடங்கிலிருந்து ஆள் வந்தான். அவள் தைத்த பதினாறு மூட்டை பூஞ்சை பிடித்திருந்ததால், கப்பலுக்கு ஏற்றுமிடத்தில் கழித்துவிட்டார்களாம். இனி அவள் கூட்டத்துக்கு உடைக்கக் காய் கிடையாதாம்.

பத்து வீட்டு அடுப்பு அந்தக் காயில்தான் எரிந்தது. மறுநாள் விடியுமுன், களத்தில் மிச்சமிருந்த பன்னிரண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு, கொழுந்தன் உலகநாதனின் மாட்டு வண்டியில் அவளும் கிளம்பினாள்.

"இன்னா அண்ணி, நீ போய்க் கேட்டா குடுத்துடுவானா?"

"கேக்கப் போவல. பார்க்கப் போறேன்."

புதுச்சேரியை அவள் அதுவரை பார்த்ததில்லை. கப்பல், வெள்ளைக்காரர் மாளிகை, கண்ணாடி விளக்கு என்று ஊரில் கதை கதையாகக் கேட்டிருந்தாள். முதலில் வந்து சேர்ந்தது பெரிய வாய்க்கால் நாற்றம். கறுப்புத் தண்ணீரில் மீன் குடலும் வாழை மட்டையும் மிதந்தன. அந்தப் பக்கம் சுண்ணாம்பு பூசிய வெள்ளை வெளேரென்ற வீடுகள்; அவற்றின் சாக்கடை முழுக்க இந்த வாய்க்காலில்தான் விழுந்தது. உலகநாதன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். "கோயில் மாதிரி கட்டிவச்சி, கொல்லப்பக்கத்த நமக்குத் திருப்பி வச்சிருக்கானுங்க" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கிடங்குத் தெருவில் காறல் எண்ணெய் வாடை தொண்டையில் ஒட்டியது. கணக்குப்பிள்ளை சிங்காரவேலு வெற்றிலை மென்றபடி வாசலில் நின்றிருந்தார்.

"நீதான் நொட்டாங்கையா? வா, வந்து உன் லட்சணத்தப் பாரு."

பதினாறு மூட்டைகளும் சுவரோரம் கிடந்தன. ஒன்றின் கிழிசலில் அவள் கையை விட்டாள். பருப்பு கூழாக, வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே எடுத்த விரல்களில் பச்சை மாவு அப்பியிருந்தது. குனிந்து தையலைப் பார்த்தாள்.

"முடிச்சு என்னுது மாதிரி கீது. தையல் என்னுது இல்லீங்க."

"எவன் தச்சான் பின்ன? உங்க ஊரு அய்யனாரா?"

"நான் இந்தக் கோடியில ஆரம்பிச்சி அந்தக் கோடிக்குப் போவேன். என் இழை இப்படிச் சாயும். இது எதிர்ப்பக்கம் சாயுது. சோத்துக் கைக்காரன் தச்சது."

இடுப்பிலிருந்து ஊசியை எடுத்து, கீழே கிடந்த சாக்குத் துண்டில் நான்கு இழை ஓட்டிக் காட்டினாள். சிங்காரவேலுவைத் தாண்டிப் பின்கட்டுக்கு நடந்தாள்.

அங்கே ஓர் ஆள் உயரத்துக்குப் பருப்புக் குவியல். இரண்டு பேர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவன் சேற்றுக் காலோடு மேலே ஏறி மிதித்துக் கலந்தான். அடியில் செத்துக் கிடந்த பெருச்சாளியை ஒருவரும் எடுத்துப் போடவில்லை. அவள் தைத்து அனுப்பிய மூட்டைகள் ஓரமாக வாய் பிரிந்து கிடந்தன.

சிங்காரவேலு பின்னாலேயே வந்தார். சிரித்தார். "எடை கூடணும்ல? உன் முடிச்சப் பார்த்தா கப்பல்ல ஏத்தற தொரை மூட்டையக் குத்திக்கூடப் பார்க்க மாட்டான். நல்ல சரக்குன்னு அனுப்பிடுவான். இந்தத் தடவ பசங்க கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்திட்டானுங்க."

இத்தனை நாள் அவள் விரல் நொந்தது இதற்குத்தான்.

"சரி, போனது போவட்டும்" என்றார். "காய் அனுப்பச் சொல்றேன். ஊர்லியே தண்ணி ஊத்தி, உன் கையாலியே தச்சி அனுப்பு. எங்களுக்கும் வேல மிச்சம்." குவியலின் ஓரத்திலேயே எச்சிலைத் துப்பினார். வெற்றிலைச் சிவப்பு, பருப்புக்குள் இறங்கியது.

பத்துப் பெண்களும் அவள் கண்முன் வந்தார்கள். கைக்குழந்தைக்காரி அம்சவள்ளி, கண் மங்கிய காசம்மாள். சரி என்று ஒரு சொல் போதும்.

வாசலுக்கு வந்து வண்டியில் ஏறினாள். பன்னிரண்டு மூட்டைகளின் தையலையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சணலைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டாள்.

"ஏய், இன்னாடி பண்ற!" என்று சிங்காரவேலு கத்தினார்.

"சரக்கு உங்களுது, எறக்கிக்குங்க. தையல் என்னுது."

வாய் திறந்த மூட்டைகளைக் கூலியாட்கள் சிந்தச் சிந்த இறக்கினார்கள்.

திரும்பும் வழியில் வில்லியனூரில் செக்கு வைத்திருந்த விருத்தாம்பாளைப் போய்ப் பார்த்தாள். விருத்தாம்பாளுக்குக் காய்ந்த பருப்பு வேண்டும். ஆனால் நான்கு பேருக்குத்தான் வேலை இருந்தது. அந்த நான்கில் செங்கமலம் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மற்ற ஆறு பேரோடு கரும்பு வெட்டப் போனாள். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் அவளோடு வெகுநாள் பேசவில்லை.

புதுச்சேரியிலிருந்து திரும்பிய அன்றிரவு சாம்பலும் புளியும் போட்டு இரண்டு கைகளையும் தேய்த்தாள். வாடை போகவில்லை. வட்டிலில் போட்ட சோறு அப்படியே இருந்தது.